நட்புச் சங்கத்தின் ஒரே உறுப்பினர்

எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பரங்குன்றத்தில் ஒரு சத்திரத்தின் பக்கத்து அறையில், காசிமாயன் தன்னந்தனியாக உட்கார்ந்து குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தலைக்கு மேலே துணித் தட்டி கட்டியிருந்தது. ‘கல்லூரி நண்பர்கள் நட்புச் சங்கம், பதினாறாம் ஆண்டு விழா.’ கீழே வாடகை நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. புகைப்படக்காரர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்து பார்த்துவிட்டு, "சார், எனக்கு அடுத்தாப்ல ஒரு காதுகுத்து இருக்கு" என்றார்.

"ஆளுக வந்துக்கிட்டே இருக்காங்க."

"இதைத்தான் சார் பதினோரு மணிக்கும் சொன்னீங்க."

வேறு வழியில்லாமல் காசிமாயன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். "கொஞ்சம் நடுவுக்கு வாங்க சார்" என்றார் புகைப்படக்காரர். ஒற்றை ஆளுக்கு நடு எது என்று தெரியாமல் காசிமாயன் முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் நகர்ந்தார். தட்டியில் ‘நண்பர்கள்’ என்ற எழுத்துக்கு நேர் கீழே வந்ததும் விளக்கு வெட்டியது.

எலுமிச்சைச் சாதத்தை அண்டாவோடு ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தும் தீராமல் மறுநாளும் அதையே சாப்பிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் போட்டோ வந்தது. மனைவி தங்கப்பொண்ணு அதை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தாள்.

"சங்கத்துல எல்லாருமே நல்லா விழுந்திருக்காக" என்றாள்.

காசிமாயன் பேரையூருக்கு மேற்கே, சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளையும் ஒரு ஊரில் பிறந்தவர். அந்த ஊரிலிருந்து மதுரைக்குப் போய் பி.ஏ. படித்த முதல் ஆள். விடுதிக்கு வந்த புதிதில் இன்னொரு கரண்டி சோறு கேட்பது எப்படி என்று தெரியாமல் அரைவயிறாகவே எழுந்து வந்தவர். அறைத்தோழன் முத்துக்கருப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். அவன்தான் அதைக் கண்டுபிடித்து, "இவனுக்குப் போடுங்கண்ணே, பசியில ராத்திரி முனகுறான், எனக்குத் தூக்கம் போகுது" என்று பந்தியில் உரக்கச் சொன்னான். மானம் போனாலும் வயிறு நிறைந்தது.

ஜனகராஜும் ஹரிராமும் உள்ளூர்க்காரர்கள், சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகள். செல்லூரில் ஜனகராஜ் வீட்டுக்கு விடுமுறை நாளில் நால்வரும் போவார்கள். அங்கே வீட்டார் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அது தன்னைப் பற்றித்தான் என்று காசிமாயன் மூன்று வருஷமும் சந்தேகப்பட்டார். பாதி உண்மைதான் என்று ஜனகராஜ் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

கடைசி வருஷம் விடுதியில் சாப்பாட்டுச் செயலாளர் பதவிக்கு வேறு யாரும் நிற்காததால் காசிமாயன் ஏகமனதாகத் தேர்வானார். அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது என்று பின்னாளில் அவரே சொல்லுவார். கல்லூரி முடிந்த மறுவருஷமே நட்புச் சங்கத்தைத் தொடங்கி, தானே செயலாளர், தானே பொருளாளர் என்று அறிவித்தார். தலைவர் பதவியை மட்டும் காலியாக வைத்தார். பிறகு அதுவும் தானாக அவரிடமே வந்து சேர்ந்தது.

முதல் வருஷம் விடுதியிலிருந்தவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். பாடினார்கள், மலையடிவாரத்தில் உருண்டார்கள். வருஷங்கள் போகப்போக ஒருவனுக்கு வெளியூர் வேலை, ஒருவனுக்கு மாமியார் வீட்டு விசேஷம், ஒருவனுக்கு காரணமே இல்லை. காசிமாயன் விடவில்லை. நிகழ்ச்சி நிரல் அச்சடித்தார். கடவுள் வாழ்த்து, செயலாளர் உரை, அதன்பின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று இந்த ஆண்டில் அடைந்த முன்னேற்றம் பற்றி ஐந்து நிமிடம் பேசுதல், நன்றியுரை. கூட்டம் குறையக் குறைய அவருடைய உரை நீண்டுகொண்டே போனது.

போட்டோ வந்த அடுத்த ஞாயிறு, நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினார். தூரத்தில் இருப்பவர்களை விட்டுவிடலாம். உள்ளூரிலேயே இருக்கும் ஜனகராஜ் வராததைத்தான் தாங்க முடியவில்லை. கேட்கவேண்டிய நாலு வார்த்தையை பஸ்ஸிலேயே உருப்போட்டார். செல்லூரில் இறங்கியபோது அது ஒரு சொற்பொழிவாக வளர்ந்திருந்தது.

ஞாயிறானதால் சந்தில் தறிகள் ஓடவில்லை. அந்த அமைதியில் ஜனகராஜ் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. வண்டி கிளம்பாமல் திணறுவதுபோல இழுத்து இழுத்துச் சிரிக்கும் சிரிப்பு. உலகத்தில் ஒரே ஒருவன்தான் அப்படிச் சிரிப்பான்.

வாசலில் ஜனகராஜின் மனைவி ரங்கநாயகி பூ கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். "நீங்களும் வரமாட்டீங்களான்னு நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். மாசாமாசம் ரெண்டாவது ஞாயிறு இவங்க கூடுறாங்க, உங்களுக்குத்தான் ஆபீஸ்ல வேலை ஒழியறதில்லையாமே."

அரசாங்க குமாஸ்தாவான காசிமாயனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே பாய் விரித்து கேரம் போர்டைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜனகராஜ் பனியனோடு. ஹரிராம் விரலெல்லாம் பவுடரோடு. முத்துக்கருப்பன் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டு. ரங்கநாயகி கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்த காசிமாயன், செம்பைக் கீழே வைத்தார். பஸ்ஸில் தயாரித்த சொற்பொழிவில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்."

சந்தின் முனைவரைக்கும் முத்துக்கருப்பன் செருப்புப் போடாமல் பின்னாலேயே வந்தான்.

"மாப்ள, நில்லு."

"எதுக்கு? என்னைய விட்டுட்டு எம்புட்டு நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருசம் இருக்கும். உன்னைய விடணும்ன்டு யாரும் உக்காந்து முடிவு பண்ணல. ஹரிக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு, ஒருநாள் மூணு பேரும் சும்மா உக்காந்தோம். அப்படியே பழகிப்போச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"கோவிச்சுக்காத. உன் விழாவுக்கு வந்தா எந்திரிச்சு நின்னு என்ன முன்னேறினேன்டு பேசச் சொல்ற. என் அரிசிக் கடைய மூடின வருசம் நான் என்னத்தப் பேச? ‘இந்த வருசம் கடையில வியாபாரம் நல்லாப் போகுது’ன்டு பொய் சொல்லிட்டு உக்காந்தேன். நீ கைதட்டச் சொன்ன. அம்புட்டுப் பேரும் தட்டினாங்க. ஹரிக்குக் குழந்தையில்ல. நீ வருசந்தவறாம மைக்குல ‘விரைவில் நல்ல செய்தி எதிர்பார்க்கிறோம்’ன்டு சொன்ன. மைக்கு எதுக்கு மாப்ள, பத்துப் பேரு கூட இல்லாத ரூமுக்கு?"

மைக்கை வாடகைக்கு எடுத்தது மட்டுமில்லை, அது சரியாகக் கேட்கிறதா என்று ஒவ்வொரு வருஷமும் ஹரிராமைத்தான் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லிச் சோதித்ததும் காசிமாயனுக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து தங்கப்பொண்ணிடம் சொன்னார். தன் பக்கம் பேசுவாள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். அவள் புளியை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அவுக பாடு தேவல, தப்பிச்சிட்டாக" என்றாள். "நாங்க எங்க போறது? சோத்துல கை வைக்கிறப்பதான் நீங்க புள்ளைகளை வரிசையா மார்க் கேக்குறீக. நேத்து என்கிட்டயே இந்த மாசம் மளிகை எப்படி இருக்குன்டு கேட்டுட்டு, கடைசியில நன்றின்டு சொன்னீக."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் தலையைத் தூக்காமலேயே, "சொன்னீங்கப்பா" என்றாள்.

இனிமேல் நட்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சில நாள் வீம்பாக இருந்து பார்த்தார். வீம்பாக இருப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு நல்ல வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பி, வைகைப் பாலம் வரைக்கும் போனார். பாலத்தின் நடுவில் கால் நின்றுவிட்டது. அழையாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? திரும்பும் வழியில் ஆற்றோரத்தில் விற்ற தக்காளியைக் கூடை நிறைய வாங்கிக்கொண்டு, அதற்காகவே போனதுபோல வீட்டுக்கு வந்தார். தங்கப்பொண்ணு தக்காளியையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்கத் தக்காளிச் சோறு.

அதற்கடுத்த மாதம் அவளே, "வீட்ல தக்காளி நிறைய இருக்கு. இன்னைக்கு நேரா போயிட்டு வாங்க" என்றாள்.

இந்தத் தடவை போய்விட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சு நின்றது. ஜனகராஜ் நிமிர்ந்து பார்த்தார். பாயில் கொஞ்சம் நகர்ந்து, ஹரிராமுக்கு எதிரே காலியாக இருந்த பக்கத்தைக் காட்டினார். "மூணு பேரா ஆடுறதுல ஒரே தகராறு. உக்காரு. ஹரி கூடச் சேர்ந்துக்க" என்றார்.

காசிமாயனுக்கு கேரம் ஆட வராது. கல்லூரியிலும் அவர் ஆடியதில்லை, போட்டி நடத்தியவர். அவர் சுண்டியதும் ஸ்ட்ரைக்கர் சொந்தக் காய்களையெல்லாம் தாண்டிப்போய் குழியில் விழுந்தது. மறுபடி சுண்டினார், மறுபடியும் விழுந்தது. ஹரிராம் பொறுமையாக ஒவ்வொரு தடவையும் ஒரு காயை எடுத்துத் திரும்ப வைத்தார். பேசாமல் இருப்பது என்று காசிமாயன் சபதம் எடுத்து வந்திருந்தார். ஒரு வரவேற்புரையோ, பழைய நாட்களைப் பற்றி நாலு வரியோ தொண்டை வரைக்கும் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினார். ரங்கநாயகி இரண்டாம் தடவையாகச் செம்பை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள்.

நடுவில் ஹரிராம், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ எப்படிடா இருக்க?" என்று கேட்டார்.

பதினாறு வருஷத்தில் இந்தக் கேள்வியைக் காசிமாயன் எல்லோரையும் கேட்டிருந்தார். அவரை ஒருவரும் கேட்டதில்லை. நிகழ்ச்சி நிரலில் செயலாளர் முன்னேற்றம் சொல்ல இடமே வைத்திருக்கவில்லை. நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"டிபார்ட்மென்ட் பரீட்சை இன்னும் பாசாகல" என்றார்.

முத்துக்கருப்பன் நிமிர்ந்தான். "எழுதிட்டதாத்தான சொன்ன? சூப்ரண்டு ஆகப்போறேன்டு மேடையில சொன்னியே."

"எழுதினேன். வருசா வருசம் எழுதுறேன். கணக்குப் பேப்பர்ல போகுது. என்கிட்ட வேலை பழகினவன் எனக்கு மேல உக்காந்து என் ஃபைலைத் திருப்பி அனுப்புறான். வீட்ல கூட முழுசாச் சொல்லல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஹரி, அந்த மைக்கு விஷயம்" என்று ஆரம்பித்தார்.

"விடுடா" என்றார் ஹரிராம். "அது கடைசி வரிசையில ஒழுங்கா கேட்டதே இல்லை. நீ என்ன பேசினேன்னே எனக்குப் பாதி தெரியாது."

முத்துக்கருப்பனிடமிருந்து அந்த இழுத்து இழுத்துச் சிரிக்கும் சிரிப்பு கிளம்பியது. ஜனகராஜும் சிரித்தார். காசிமாயனுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு பவுடரைக் காரணம் சொன்னார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. "ஆட்டம் உன்னது" என்று ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினார்கள். அதுவும் குழியில்தான் விழுந்தது.

அதன்பிறகு அவர் ஒரு மாதமும் தவறவில்லை. பழக்கம் அத்தனை சுலபத்தில் போகவில்லை. ஆட்டத்துக்கு விதிமுறை எழுதிக்கொண்டு வந்த ஒருநாள் ஜனகராஜ் அதை வாங்கி நாலாக மடித்து, ஆடுகிற போர்டின் ஒரு மூலைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஹரிராம் ஓர் அநாதைப் பெண் குழந்தையை எடுத்து வளர்க்கப் போவதாகச் சொன்ன அன்று, காசிமாயன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கால் மரத்துவிட்டதாகச் சொல்லி, அறையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எண்பத்தாறில் அவருக்குப் பேரையூருக்கு மாற்றல் வந்தது. பரீட்சை பாசாகித்தான் வந்தது. ஆனால் குடும்பத்தோடு போகவேண்டியிருந்தது. ஞாயிறன்று மதுரைக்கு வந்து திரும்ப பஸ் சரியாக இல்லை. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். சங்கம் முறையாகக் கலைக்கப்படுகிறது என்று ஒரு கார்டு எழுதி, தபாலில் போடாமல் கிழித்தார்.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறு மத்தியானம், மூவரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பஸ் வழியில் நின்றுபோய், பாதித் தூரம் மணல் லாரியில் வந்திருந்தார்கள். முத்துக்கருப்பன் தலையெல்லாம் மணல்.

"என்ன ஊருடா இது" என்றான். "ஒரு மரம் இருக்கா? மனுசன் இங்க இருப்பானா?"

"நான் பொறந்த ஊரு பக்கம் மாப்ள."

"அதான் தெரியுதே."

தங்கப்பொண்ணு இலை போட்டாள். சாப்பிட்டு எழுந்ததுமே கடைசி பஸ் போய்விடும் என்று அவசரம் அவசரமாகக் கிளம்பினார்கள். ஆட நேரமில்லை, பேசவும் நேரமில்லை. வந்த நேரத்தில் பாதி, பஸ்ஸைத் திட்டுவதிலேயே போய்விட்டது. ஹரிராம் மகளுடைய போட்டோவைக் காட்ட எடுத்ததும் ஹாரன் கேட்டதால் அதைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றான் முத்துக்கருப்பன், ஜன்னலோர சீட்டுக்கு ஜனகராஜோடு சண்டை போட்டுக்கொண்டே.

அடுத்த மாதமும் வந்தார்கள். அதே பஸ்தான், அன்றைக்கும் வழியில் நின்றது.