வாசலில் கழற்றிய ஷூ

இன்று காலை அம்மா சாத்தூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். முகத்தைக் காட்டாமல் நேராகக் காலைக் காட்டினாள். "புதுச் செருப்பு எடுத்திருக்கேன்லே. எம்புட்டு மெத்துனு இருக்கு பாரு!" மெத்து எப்படிம்மா வீடியோவில் தெரியும் என்று கேலி செய்தேன். என் கண் என்னவோ அவள் குதிகாலில்தான் இருந்தது.

அம்மா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெடிமருந்து வைத்திருக்கும் மருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். செருப்பில் ஒட்டிய மணல் உரசினாலே போதும், கதை முடிந்துவிடும். அதனால் அலுமினியப் பவுடர் அவள் குதிகால் வெடிப்புகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என்ன தேய்த்தாலும் அந்த மினுக்கு போகாது. கல்லூரி லீவில் நானும் அங்கே வேலைக்குப் போனதுண்டு. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக, வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். "வாசல மறிச்சு எதையும் வைக்காதலே. ஓடணும்னா ஓடணும்ல" என்பாள் அம்மா. எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்ததும் அவள் கம்பெனியை விட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

ஆங்கில எம்.ஏ.வை நம்பித் தாய்லாந்துக்குப் போனேன். அங்கே ஆங்கில வாத்தியார்களுக்குக் கிராக்கிதான், ஆனால் வெள்ளைத் தோலாக இருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் அன்பாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு பள்ளி கைவிரித்தபோதும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு அம்மாவின் நேர்த்திக்கடன் ஏறிக்கொண்டே போனது. பொங்கலில் தொடங்கி, சேவலாகி, கடைசியில் கிடாயில் வந்து நின்றது. இதற்கிடையில் ஊர்ப்பக்கம் வெடிவிபத்து என்று செய்தி வந்தால், அவள் போனை எடுக்கும்வரை எனக்கு உயிர் இருக்காது.

விசா முடியப்போகிற நேரத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் பளபளக்கும் ஷூவோடு போய் வந்தார்கள். என் முறை வந்ததும் பதற்றத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை அழுத்தினேன். வாசலை அடைத்துக் கிடந்த புத்தகப் பைகளை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தேன். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் இது மருந்து அறை இல்லை என்று உறைத்தது. போச்சு, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே பாடம் நடத்தி முடித்தேன்.

தலைமையாசிரியை என் வெறுங்காலையே பார்த்தார். "எங்கள் வகுப்பறைக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. சொல்லாமலே கழற்றிய முதல் வெளிநாட்டுக்காரர் நீங்கள்தான். திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்றார். அத்தனை வருடம் உச்சரிப்புக்காக நாக்கைச் சுழற்றியவன் நான்; வேலை வாங்கித் தந்தது என்னவோ கால்தான். அப்பாடா என்று அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நாளைக்குக் கம்பெனிக்குப் போக வேணாமா?" என்றாள், சின்னப் பிள்ளை பள்ளிக்கூட லீவைக் கேட்கிற மாதிரி.

"வேணாம்மா. இனிமே வேணாம்."

பழசு எது மறைந்தாலும் உட்கார்ந்து புலம்புகிற ஆள்தான் நான். ஆனால் இன்று காலை, ஒன்று மறைந்திருக்க வேண்டுமே என்ற ஆசையோடு, "இன்னும் கிட்டக் காட்டும்மா" என்றேன்.

"அதான் செருப்பப் பாத்துட்டியேலே?"

"செருப்ப இல்லம்மா, கால."

காட்டினாள். வெடிப்பு அப்படியே இருந்தது. மினுக்கு மட்டும் இல்லை.