கால்வாய்க் கரை மூங்கில்

என் கணவர் சாரம் கட்டுகிறவர். கட்டடம் எழும்போது சுற்றிலும் மூங்கில் நிறுத்தி, கயிறு முறுக்கி, கொத்தனார் நின்று பூசுவதற்குத் தட்டு அமைத்துக் கொடுக்கும் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர். நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். தொண்ணூறுகளில் எங்களுக்குக் கல்யாணமாகி, கால்வாய்க் கரையில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினோம்.

ஒவ்வொரு மழைக்கும் கொல்லைப்புறத்து மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்வாயில் சரியும். ஒரு வருஷம், வேலையிடத்தில் மிஞ்சிய பச்சை மூங்கில் துண்டுகளைக் கொண்டுவந்து, மண்ணுக்கு முட்டாகக் கரையோரம் அடித்து வைத்தார். மழை விடுவதற்குள் ஒரு துண்டின் கணுவில் இலை விட்டிருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பச்சை மூங்கில் அப்படித்தான். கணு மண்ணுல பட்டா போதும், வேர் பிடிச்சிரும்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

முதலில் விரல் தடிமனில்தான் வந்தது. அடுத்தடுத்த மழைகளில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்த முளைகள் தடிமனாகிக்கொண்டே போயின. மாலையில் முழங்கால் உயரம் நின்றது காலையில் இடுப்புக்கு வந்திருக்கும். முளையைச் சுற்றிய உறையில் கறுப்பு ரோமம். தெரியாமல் தொட்டுவிட்டு நாளெல்லாம் கையைச் சொறிந்திருக்கிறேன். கொல்லை முழுக்கப் பரவாமல், நின்ற இடத்திலேயே நெருக்கமாகப் பெருத்தது. கரை சரிவதும் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அவர் விழுந்தார். எர்ணாகுளத்தில் பிராட்வேக்குப் பக்கத்தில் ஒரு கடைக் கட்டடம். வெளியே பார்க்க நன்றாக இருந்த மூங்கில், உள்ளே வண்டு அரித்து மாவாகியிருந்தது. கால் வைத்ததும் முறிந்தது. தொடை எலும்பு உடைந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். எழுந்தபோது ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. இனி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்ததும் மூங்கில் கொத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அதை வெட்டிப் போடு. என் கண்ணுல படக் கூடாது."

"வெட்டினா கரை போயிரும். கரை போனா அடுக்களை போயிரும்."

"போகட்டும்."

நான் வெட்டவில்லை. கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்தேன். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அடுக்களைச் சுவரும் வேண்டுமே. ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினேன்.

மறுபடியும் மழைக்காலம் வந்தது. அடுத்த வீட்டில் ஒரு கொங்கணி சேச்சி. ஒரு நாள் கையில் பாத்திரத்தோடு வந்தார்.

"மோளே, அந்தக் குருத்து ரெண்டு எனக்குத் தருமோ? மழை வந்தா எங்க வீட்டுல அது இல்லாம பற்றில்ல, சமைச்சே ஆகணும்."

கத்தியை எடுத்துக்கொண்டு இருவரும் கொல்லைக்குப் போனோம். நான் இருப்பதிலேயே தடியான முளையில் கத்தியை வைத்தேன். பின்னால் கதவடியிலிருந்து என் கணவர் குரல்.

"ஏய், அதை விடு! அது நல்ல மரமா வரும். ஓரத்துல சோப்ளாங்கியா ஒண்ணு நிக்குது பாரு, அதை எடு. சேச்சி, நல்லா வேக வெச்சுத் தண்ணியைக் கொட்டிருங்க. கசக்கும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கொல்லைக்கு வந்தவர் திரும்ப உள்ளே போகவில்லை. கொத்தைச் சுற்றி நொண்டி நடந்து, முற்றின மூங்கில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

மழை முடிந்ததும் நடுவில் முற்றியவற்றை மட்டும் வெட்டினார். இளசு வெட்டினால் மாவுச்சத்து அதிகம், அதைத் தேடித்தான் வண்டு வரும் என்றார். வெட்டியதைக் கால்வாய்த் தண்ணீரில் கல் ஏற்றி அமிழ்த்தி ஊறப்போட்டார். நாற்றம் தாங்காமல் தெருவே சண்டைக்கு வந்தது; எல்லோருக்கும் நான்தான் பதில் சொன்னேன். ஊறியதை நிழலில் நிறுத்திக் காயவைத்தார். தோப்பும்படியில் வள்ளக்காரர்கள் படகு தள்ளும் கழிக்கு வாங்கினார்கள். பந்தல் போடுகிறவர்கள் வந்தார்கள். அவரோடு சேர்ந்து ஏறிய பழைய கூட்டாளி ஒருவரும் ஒரு நாள் வந்தார், சாரத்துக்கு மூங்கில் கேட்டு.

என் கணவர் நிழலில் நின்ற மூங்கில்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "தர்றேன். ஆனா நானும் சைட்டுக்கு வருவேன். மத்தவன் கொடுத்த மூங்கிலையும் நான் பார்த்த பிறகுதான் கட்டணும்" என்றார்.

"நீ வந்தா எங்களுக்கு நல்லதுதானே அண்ணே" என்றார் கூட்டாளி.

பெரிய கட்டடங்களுக்கு இரும்புக் குழாய் வரும்வரை இப்படியே நடந்தது. சாரம் எழும் முன் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உள்ளே அரித்ததை ஒதுக்கிப்போடுவாராம். ஒருமுறை சோறு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். மேலே கொத்தனார்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்தார்கள். இவர் அண்ணாந்து பார்த்தபடி தூக்குச்சட்டியை வாங்கினார்.

"மீன் வெச்சியா?" என்று கேட்டார்.

"சாளை" என்றேன். கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.