இடுப்பு வலி என்று வந்த கோகிலா

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நர்ஸாக நான் சேர்ந்த முதல் வாரம். எங்கும் ஷிப்மென்ட் அவசரம். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் கோகிலா, ஏழு மாத கர்ப்பிணி, இடுப்பைப் பிடித்தபடி என் அறைக்குள் வந்தாள்.

“சிஸ்டர், ஒரு வலி மாத்திரை குடுங்க. ஒக்காந்தே தெக்கறதுல இடுப்பு புடிச்சுக்குச்சுங்க.”

கையைத் தொட்டால் கொதித்தது. நடுக்கமும் இருந்தது. முதுகில், விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினேன். “அய்யோ சாமி!” என்று துள்ளினாள்.

“ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா கண்ணு?”

“ஆமாங்க. அதனாலதான் தண்ணியே குடிக்கறதில்லீங்க. அடிக்கடி எந்திரிச்சா தெக்கற லைனே நின்னுருமில்லீங்க?”

யூரின் இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரை ஏறியிருக்கும் என்று பட்டது. விட்டால் குறைமாதத்திலேயே பிரசவ வலி வந்துவிடலாம். சூப்பர்வைசர் சண்முகத்திடம் தயங்கித்தான் வண்டி கேட்டேன். அவரோ அதற்குள் தன் கார் சாவியை எடுத்துவிட்டார். “ஷிப்மென்ட் கெடக்கட்டுங்க சிஸ்டர். புள்ளய ஏறச் சொல்லுங்க.”

ஆஸ்பத்திரியில் என்ன கிருமி என்று பார்க்க யூரினைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக்கை ஊசியில் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியதும், தகவல் தெரிந்து ஓடி வந்திருந்த அவள் கணவன் குமார் கேட்டான்.

“ஏனுங்க டாக்டர், மாசமா இருந்தா எதிர்ப்பு சக்தி கொறையும்ங்கறாங்களே, இவளோடதெல்லாம் கொழந்தைக்கே போயிருச்சுங்களா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இல்லீங்க. கொழந்தைய வேத்தாளுன்னு வெரட்டிறக் கூடாதுன்னு ஒடம்பு கொஞ்சம் விட்டுக்குடுக்குது. வயிறு பெருசாகி அழுத்தறதுல யூரினும் தேங்குது. ரெண்டும் சேந்து கிருமிக்கு வசதியாப் போயிருது. அம்மா ரத்தத்துல இருக்கற எதிர்ப்புப் பொருள் கொழந்தைக்கும் போகுதுதான். அதனால அம்மாவுக்கு ஒண்ணும் கொறஞ்சிறாதுங்க.”

படுத்தபடியே கோகிலா சொன்னாள்: “பாருங்க சிஸ்டர், பொறக்கறதுக்கு முன்னாடியே பங்கு வாங்குது!”

வேலைக்குத் திரும்பியவள் சும்மா இருக்கவில்லை. லைனில் உள்ள பெண்கள் எல்லோரையும் மிரட்டித் தண்ணீர் குடிக்க வைத்தாள். “பாதி லைன் பாத்ரூம்லதான் இருக்குதுங்க,” என்று புலம்பிய சண்முகம், கடைசியில் எழுந்து போகிறவர்களுக்காக ஒரு மாற்று டெய்லரையே போட்டுவிட்டார்.

மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. கம்பெனியில் லட்டு கொடுத்தவர் சண்முகம்தான், குமாரை முந்திக்கொண்டார்.

கம்பெனி நர்ஸாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கர்ப்பிணி காய்ச்சல் என்றோ இடுப்பு வலி என்றோ வந்தால், மாத்திரை டப்பாவைத் திறக்குமுன் யூரின் போகும்போது எரிச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.