கண் முதலில் போகும் இடம்

சங்கரி அக்கா இறந்த செய்தி காலையிலேயே என் போனுக்கு வந்துவிட்டது. நான்தான் பார்க்கவில்லை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அன்று யாருக்கோ பிறந்தநாள். ஆடுகிற கேக்குகளுக்கும் பலூன்களுக்கும் நடுவே பொடி எழுத்தில் இரண்டு வரியாகக் கிடந்திருக்கிறது. விரலால் தள்ளிக்கொண்டே போய்விட்டேன். மத்தியானம் விஷயம் தெரிந்து கரமனையில் அக்கா வீட்டுக்கு ஓடியபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அக்காவின் கணவர், நான் அத்திம்பேர் என்று கூப்பிடுகிறவர், சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு வந்தார். "நீ வந்துடுவேன்னு கொஞ்ச நாழி வெச்சிண்டிருந்தோம்டா. காரியம் பண்ணிவைக்கற வாத்யார் நேரமாறதுன்னுட்டார்" என்றார். அந்தச் சொல்லை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

அக்கா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டார், ஸ்கிரீனைத்தான் திட்டியிருப்பார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். செயலிக்கு ஒரு ஸ்கிரீனை வடிவமைத்து முடித்ததும் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்ப்பார். அந்த மங்கலிலும் முக்கியமான ஒன்று தனியாகத் தெரியவேண்டும். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. "ஒரு ஸ்கிரீன்ல ஒண்ணுதான் கூப்பிடணும், கேட்டயா? எல்லாம் கூப்பிட்டா சாலைக் கடைத்தெரு இரைச்சல்தான்."

ஒரு மருத்துவமனைக்குச் செயலி செய்தோம். மேலே சலுகை விளம்பரம் ஓடியே தீரவேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். அக்கா வாதாடவில்லை. போனை அவர் கையில் கொடுத்தார். "சார், உங்க அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ."

மேனேஜர் சிரித்துக்கொண்டே தேடினார். ஆம்புலன்ஸ் பட்டன் அங்கேதான் இருந்தது, கண்ணோ ஓடுகிற விளம்பரத்துக்கே போய்ப் போய்த் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. நெற்றி வியர்த்தது. "மதி, சங்கரி, போதும், அதை எடுத்துடு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். ஜெயித்த முகமே காட்டாமல் அக்கா டீ குடிக்கக் கூப்பிட்டார். அன்று நான் எவ்வளவு சிரித்தேன்! அதே வலையில் நானே விழுவேன் என்று யார் கண்டது?

அவரிடமிருந்து என்னோடு இருக்கப்போவது கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான். அன்று கூடத்தில் அவர் படத்துக்கு முன் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. என் கண்ணாடியைக் கழற்றினேன். விளக்கு, சட்டம், முகம் எல்லாம் கலங்கிப் போயின. அவர் நெற்றியில் இருந்த அந்தப் பெரிய சிவப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது. அதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, அக்கா.