துண்டு போட்ட சுவிட்சுப் பலகை: கண்டியிலிருந்து வட்டவளை வரை

ஊர் சுற்றப் போனேன் என்று முழுதாகச் சொல்ல முடியாது. வேலை பாதி, விடுமுறை பாதி. 2009 ஆகஸ்டில் இலங்கை மலைநாட்டுக்குப் போய்வந்தேன். நுவரெலியா, ஹட்டன் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன். நடுவில் வரும் சமாச்சாரத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கான சுவிட்சுப் பலகை வடிவமைக்கிறேன். டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில், தொட்டால் மெத்தென்று, உள்ளே விளக்கு எரிந்து, படங்கள் மட்டும் ஒளிரும் பலகை. பால்நிறப் பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் மாதிரி மெல்லிய கறுப்புப் பூச்சு. படத்தின் அளவுக்குப் பூச்சை எடுத்துவிட்டால் அது வழியாக வெளிச்சம் வரும். அவ்வளவுதான் வித்தை. எந்த வண்டியில் ஏறினாலும் நான் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பேன். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

எங்கள் பலகைகள் சில கொழும்பு வழியாகச் சுற்றுலா வேன்களுக்குப் போயிருந்தன. ஹட்டனில் வேன் வாடகைக்கு விடும் நிசார் முதலாளியிடமிருந்து புகார் வந்தது. பூச்சு பிசுபிசுக்கிறது, டிரைவர்கள் அதில் கை வைக்கவே மாட்டேன் என்கிறார்கள், மாற்றித் தாருங்கள் என்று. எப்படியும் அந்தப் பக்கம் போகிறேன், நானே புதியதை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அந்தப் பலகை இருந்த வேனையே எனக்கு வாடகைக்குத் தள்ளிவிட்டார். கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய், டிரைவர் சாப்பாடு தனி. பேரம் பேசினேன், மனிதர் அசையவில்லை.

கண்டியில் பகல் ஒரு மணிக்கு டிரைவர் யோகன் வந்து ஏற்றிக்கொண்டார். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாத ஆள். சுவிட்சுப் பலகையின் மேல் ஒரு நீலக்கட்டம் போட்ட துண்டு, ஓரங்களெல்லாம் ஒழுங்காகச் செருகப்பட்டுக் கிடந்தது. வழக்கம்போல் கையை நீட்டினேன்.

"அது மட்டும் வேணாங்க மேடம்," என்றார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் அப்போது சிரிக்கவில்லை.

நுவரெலியா அங்கிருந்து எழுபத்தேழு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறம்பொடையில் அருவியைப் பார்க்க இறங்கினோம். சத்தம் மட்டும் கேட்டது, அருவி தெரியவில்லை. பனிமூட்டம் அப்படி. மறுபடி ஏறி நாலு வளைவு போவதற்குள் ரோடும் தெரியவில்லை. யோகன் பேச்சை நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்தார். துண்டின் ஓரத்தை லேசாகத் தூக்கி, குச்சியால் விளக்குச் சுவிட்சை அழுத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வந்த சிரிப்பு அப்படியே நின்றது. வண்டிக்குள் யூக்கலிப்டஸ் தைல வாசனை ஏறியது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. யார் தைலம் தேய்த்தது என்று கேட்டேன். யோகன் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொறுக்கமாட்டாமல் துண்டைத் தூக்கினேன்.

பலகையில் ஒரு கை எரிந்துகொண்டிருந்தது. இடது கை. நாலு விரலும் உள்ளங்கையும் மஞ்சள் வெளிச்சமாக, சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்து. நிமிர்ந்தால் முன்கண்ணாடியிலும் அதே கை. வெளியே பனிக்குள், எங்களுக்கு முன்னால், யாரோ நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவது போல் கூடவே வந்தது. பூச்சு உரிந்த இடம், அதன் பிரதிபலிப்பு என்று எனக்கு அந்த நொடியே தெரியும். தெரிந்தும் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

"மூடிருங்க மேடம். இதுக்குத்தான் துண்டு," என்றார் யோகன். மூடினேன்.

நுவரெலியாவில் தேநீர் குடித்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு முன்னால் அந்த வேனை ஓட்டியவர் சிவலிங்கம். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், வீடு. விரல் மூட்டு வலி, எந்நேரமும் தைலம் தேய்த்துக்கொள்வார். குளிருக்கு இடது கையைப் பலகையின் மேல் வைத்தபடியேதான் ஓட்டுவார்.

"போன வருசம், சண்ட நடந்துக்கிட்டிருந்தப்போ, கொழும்புக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஹயர் போனாருங்க. ஆளுங்கள எறக்கிட்டுத் திரும்புறப்போ அவிசாவளைக்கிட்ட வண்டி மட்டும் ரோட்டோரத்துல நின்னுச்சு. லைட்டு எரிஞ்சபடி. அண்ணன் இல்ல. யாரு கூட்டிட்டுப் போனாங்க, எங்க போனாங்க, ஒண்ணும் தெரியாது. போலீசு, ஆமி கேம்பு, கேட்ட எடமெல்லாம் தெரியாதுன்னுட்டாங்க. வண்டிய எடுக்கப் போனப்பதான் இந்தக் கையப் பாத்தோம். அதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல."

எப்படிப் பார்த்திருக்க முடியும்? அதன் மேல் எப்போதும் அவர் கை இருந்திருக்கிறது. தைலம் பூச்சை இளக்கி, கை இருந்த இடம் மட்டும் கரைந்துபோயிருக்கிறது. பூச்சுக்குள் ஊறிய தைலம் விளக்குச் சூட்டில் வாசனையாகக் கிளம்புகிறது. குளிரில் கை வைத்தால் இதமாக இருக்கவேண்டும் என்று யோசித்து யோசித்து நான் வரைந்த பலகை அது. நான் நினைத்தபடியே அதைப் பயன்படுத்திய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

"புஷ்பம் அக்காக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கழட்டாதீங்க மேடம்," என்றார் யோகன். புஷ்பம், சிவலிங்கத்தின் மனைவி.

மறுநாள் தலவாக்கலை வழியாக ஹட்டன், அங்கிருந்து கீழே வட்டவளை. மழை விடவில்லை. யோகன் சொல்லியனுப்ப, பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தார் புஷ்பம். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருந்தது. பழக்கப்பட்டவர் போல முன் சீட்டில் ஏறி, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யோகன் விளக்கைப் போட்டார். வாசனை வந்தது. புஷ்பம் தன் கையை அந்தக் கைக்கு மேலே, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, படாமல் பிடித்தார்.

"தொட்டா ஒட்டிக்குதுங்க. அவரு கை கலைஞ்சிரும். சூடு மட்டும் போதும்."

முதலாளி மாற்றச் சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்றேன். பழைய பலகையை உங்களிடமே தருகிறேன், வீட்டில் கார் பேட்டரியில் எரியவிடலாம் என்றும் சொன்னேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"வீட்டுச் செவுத்துல மாட்டுனா படம் மாதிரி ஆயிருங்க மேடம். மால போடச் சொல்லுவாங்க. ஓடுற வண்டியிலதான் அவரு கை இருக்கணும்."

நான் தொழில்காரி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தைலத்தால் இளகிய பூச்சு நிற்காது. இன்னும் ஓரிரண்டு மழைக்காலத்தில் விரலும் விரலும் கலந்து வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும். ஒரு மேல்பூச்சு கொடுத்தால் உருவம் நிற்கும், வாசனைதான் அடங்கிப்போகும், பத்து வருடமானாலும் அழியாது என்றேன்.

"பத்து வருசமா?" புஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, பயந்துபோன பார்வை. "அவ்வளவு நாளு வேணாங்க. அவரு வர்ற வரைக்கும் இருந்தாப் போதும்."

பிறகு துண்டை எடுத்து விரித்து, ஓரங்களைச் செருகினார். யோகன் சொன்னது தப்பு. கண்ணாடியில் விழாமலிருக்கப் போட்டதல்ல அது.

"அவரு துண்டுங்க. பஸ்ஸுல எடம் புடிக்கப் போடுறோமில்ல, அந்த மாதிரி போட்டு வச்சிருக்கேன்," என்றார்.

நிசார் முதலாளியிடம் புதுப் பலகையின் திருகுத் துளைகள் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் துண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. புதுப் பலகை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆகஸ்டில் ஹட்டன் பக்கம் தினமும் மழை, குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். மலைப்பாதையைப் பிற்பகல் மூன்றுக்குள் முடித்துவிடுங்கள். வாடகையைக் கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஹட்டனில் நீங்கள் ஏறும் வேனில் சுவிட்சுப் பலகையின் மேல் நீலக்கட்டத் துண்டு கிடந்தால், பனியில் தைல வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். அதில் கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். துண்டு போட்டிருக்கிறது, ஆள் வருகிறார்.