தலைவாசலில் படி வேண்டாம் என்று கேட்டேன்

கருப்பரை நம்பிக் கும்பிடுகிற என் சனங்களே, எனக்கு மேடைப் பேச்சு வராது. வாய்த்துடுக்கு மட்டும் உண்டு. வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் மகன் கதிர், சிவகங்கையில் வேலை முடித்து வண்டியில் வரும்போது லாரி மோதியது. உயிர் தப்பியது. இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்திப் பார்த்தோம், புண்ணாகிவிட்டது. சக்கர நாற்காலிதான் என்று ஆயிற்று.

செக்காலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீடு மாமனார் கட்டியது. தெருவிலிருந்து ஏறப் படி, முற்றத்தில் இறங்கப் படி, ஒவ்வொரு கதவு நிலைக்கும் கீழே உயரமாக ஒரு மரப்படி. கக்கூஸ் கொல்லையில். ஒவ்வொரு தடவையும் அவனைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவோம். அவரும் முகம் சுளிக்காமல் வருவார். ஆனால் என் மகன் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

சித்திரை வெயிலில் அவன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். கேட்டால், "தாகம் இல்லம்மா" என்பான். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் போய்விடும் என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிக்கடி தூக்கச் சொல்ல வெட்கப்பட்டு, என் பிள்ளை தாகத்தோடு கிடந்திருக்கிறான்.

கொல்லையில் தனியாக ஒரு சின்ன வீடு கட்டுவது என்று முடிவு செய்தோம். ஒரு அறை, சமையல் மேடை, குளியலறை, எல்லாம் ஒரே மட்டத்தில். வாசலிலிருந்து பின் சந்துக்குச் சரிவாக ஒரு பாதை. நகராட்சியில் அனுமதி வாங்கினோம். சுவரும் எழும்பியது. தலைவாசல் நிலை வைக்கும் நாளும் வந்தது. நிலைக்குக் கீழ்ப்படி வேண்டாம் என்று ஆசாரியிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் எந்த நல்லதும் நடக்காது. அவர் வந்து நிலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது? படி இல்லாம எவனாச்சும் தலைவாசல் வப்பானா? மஞ்சள் குங்குமம் எங்குட்டு வைப்பே? இது குடும்பத்துக்கு ஆகாது."

"எம்புள்ள எப்படி அத்தான் உள்ள போவான்? பறந்தா போவான்?"

"தூக்கி விட்டாப் போச்சு."

பழைய வீட்டுக்குள் இருந்த கதிருக்கு அது கேட்டது. ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். "பெரியவக மனசு ஒப்பாம நான் வைக்க மாட்டேன் தாயி" என்று கிளம்பிவிட்டார். வேலை நின்றது.

அத்தான் கெட்டவர் இல்லை. ஒரு தடவை அடி வாங்கிய குடும்பத்துக்கு இன்னொன்று வந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதுதான் கொடுமை. அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேச என் வீட்டுக்காரருக்கு நா எழவில்லை. கூரையில்லாத சுவர் மழையில் நனைந்தது. மணல் குவியலில் புல் முளைத்தது. கதிர் மறுபடியும் சொம்பைத் தள்ளி வைத்தான். நான் என்ன செய்வேன்? எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அடுப்படியில் நின்று கருப்பரைத் திட்டினேன். ஆமாம், திட்டித்தான் கும்பிட்டேன். "பொங்கல் வைக்கையில வந்து வாங்கிக்கிறியே, எம்புள்ள நாக்கு வறண்டு கிடக்கான், உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீயே ஒரு வழி சொல்லு. இல்லாட்டி என்னைய எடுத்துக்க."

கடைசியில் அத்தானே வந்தார். "கருப்பர்கிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம். ரெண்டு பொட்டலத்துல ஒண்ண எடுப்போம், வெள்ளப்பூ வந்தா உன் இஷ்டம். செவப்பு வந்தா படி வைக்கணும்" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வது? சிவப்பு வந்துவிட்டால் என் பிள்ளை கதி என்ன?

மானகிரி தாண்டி வயலோரத்தில் எங்கள் கருப்பர். உங்களுக்குத் தெரியும், வெட்டவெளியில் மரத்தடியில் நிற்கிறார். வேனிலிருந்து கதிரை இறக்கினோம். அத்தான் பூப்பொட்டலங்கள் இரண்டையும் வேட்டி மடியில் செருகிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளப் போனார்.

"தள்ளாதீக பெரியப்பா. நானே போறேன்" என்றான் கதிர்.

காய்ந்த தரை. தடுக்க ஒன்றும் இல்லை. சக்கரத்தைத் தன் கையால் உருட்டிக்கொண்டு நேரே கருப்பர் காலடி வரைக்கும் போனான். கிண்ணத்திலிருந்து திருநீற்றை அள்ளித் தானே பூசிக்கொண்டான். விபத்துக்குப் பிறகு யாரும் தொடாமல் அவன் போய்ச் சேர்ந்த முதல் இடம் அதுதான். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அத்தான் கருப்பர் நிற்கிற தரையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "சாமி நிக்கிற எடத்துலயே படி இல்லையேம்மா" என்றார். மடியிலிருந்த பொட்டலங்களைப் பிரிக்காமலே கருப்பர் காலடியில் வைத்துவிட்டார். எதில் எந்தப் பூ இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மறுவாரமே ஆசாரியை அவரே கூட்டி வந்தார். "படிய தரைக்குள்ள எறக்கிப் பதிச்சிரு, மட்டமா இருக்கட்டும்" என்று பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். மஞ்சள் குங்குமத்தையும் அவர் சொல்லித்தான் வைத்தேன். தையில் பால் காய்ச்சினோம். அந்த மஞ்சள் மேல் சக்கரத்தை ஏற்றி முதல் ஆளாக உள்ளே போனவன் என் மகன். இப்போது வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறான். சாயங்காலம் தானாகச் சந்தில் போய் வருகிறான்.

கால் திரும்பி வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. கையறு நிலையில் நிற்கிறவர்கள் இங்கே இருந்தால் சொல்கிறேன், வாய்விட்டுக் கேளுங்கள். திட்டியாவது கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பால் காய்ச்சிய அன்று மத்தியானம், கொல்லையிலிருந்து கதிர் குரல் கொடுத்தான். "அம்மா, இன்னொரு சொம்பு தண்ணி கொண்டாங்க."

ஓடினேன்.