பசியா, தாகமா, பழக்கமா?

ஃபேக்டரி முதலுதவி அறையில் நர்ஸ் வேலை என்றால் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவது என்று நினைப்பார்கள். எனக்கு வருவதில் பாதி வயிற்றுக் கதை. எடை குறைக்கப் பாடுபட்டவரா நீங்கள்? அப்படியானால் இசக்கிமுத்து நம் ஆள்தான்.

ஒரே ஒரு இட்லி

வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனி. இசக்கிமுத்து தென்காசிப் பக்கம். இங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முழங்கால் வலிக்கு எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மறுநாளிலிருந்து காலையில் ஒரு இட்லி, மதியம் ஒன்றுமில்லை. நான்காம் நாள் வண்டியை விட்டு இறங்கியவர், கண் இருட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மயக்கம் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால், எதிரே நின்ற ஆட்கள்மேல் வண்டி ஏறியிருக்கும்.

ஒரு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று பேக்கிங்குக்கு மாற்றினார் சூப்பர்வைசர். காண்ட்ராக்ட் வேலையே போய்விடுமோ என்று இசக்கிமுத்துவுக்குப் பயம். கை நடுக்கம், தலைவலி, எரிச்சல் எல்லாம் பசியின் குரல்தானே, தெரியவில்லையா என்று கேட்டேன்.

"வயிறு கத்துனாத்தானே சிஸ்டர் பசி? அது ரெண்டாம் நாளே வாய மூடிட்டுல்லா."

நாலு மணிப் பசி

மூன்று வேளையும் சாப்பிட ஒப்புக்கொண்டார். ஆனால் நாலு மணியானால் இரண்டு சமோசா இல்லாமல் முடியவில்லை. தண்ணீர் குடித்துக் கால் மணி நேரம் பொறுங்கள், அப்புறமும் பசித்தால் சாப்பிடுங்கள் என்றேன். விசாரித்தால், ஷிப்ட் முழுக்க அரை பாட்டில் தண்ணீர்கூட இறங்குவதில்லை. மாற்று ஆள் வராமல் லைனை விட்டு டாய்லெட் போக முடியாதாம். சூப்பர்வைசரிடம் நானே போய்ப் பேசினேன். முகம் சுளித்தாலும், ஷிப்டில் இரண்டு முறை ஆள் மாற்றிவிட ஏற்பாடு செய்தார். ஒரு வாரம் கழித்து இசக்கிமுத்து வந்து சொன்னது:

"பாதி நாள் அது பசியே இல்ல சிஸ்டர், தாகம். மீதி நாள் நெசமாவே பசிதான். அன்னைக்குச் சுண்டல் வாங்கித் தின்னுட்டேன்."

தனம் அக்காவின் கரண்டி

கேண்டீனில் பரிமாறும் தனம் அக்கா குன்றத்தூரிலிருந்து வருகிறவர். தட்டு நிறைந்தால்தான் அவருக்கு மனசு நிறையும். இசக்கிமுத்து சோற்றைக் குறைக்கச் சொன்னதும், சமையல் பிடிக்கவில்லை போல என்று முகம் வாடிவிட்டதாம். அதைப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் மலைபோல் வாங்கித் தின்றிருக்கிறார் இந்த மனிதர். மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். தட்டில் பாதிக்குப் பொரியல், ஒரு கரண்டி சோறு, மெதுவாகச் சாப்பிடட்டும் என்று விளக்கினேன். அக்கா கரண்டியை அவர் பக்கம் நீட்டினார்.

"ஒரு கரண்டி போட்றேன், துன்னுட்டுப் பத்து நிமிசம் குந்து. அப்பவும் பசி கீதுன்னா வா. நானா இல்லேன்னு சொல்லப் போறேன்?"

என் முறை

மாதக் கடைசியில் மூன்று கிலோ குறைந்திருந்தது. டாக்டர் சரி சொல்ல, வண்டிச் சாவி கைக்கு வந்தது. அதைச் சொல்ல வந்தவர், என்னையும் எடை மெஷினில் ஏறச் சொன்னார். போன வருடத்தைவிட நாலு கிலோ கூடுதல். மேஜையில் பிஸ்கட் பாக்கெட் பாதி காலியாகிக் கிடந்தது. அவர் சிரிக்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

"சிஸ்டர், நீங்க கடைசியா எப்பப் பசிச்சுச் சாப்பிட்டீங்க?"

மணியடித்தால் சாப்பிட்டே பழகிய நான், பசி வரட்டும் என்று அன்று காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் சர்வீஸிலேயே கஷ்டமான டியூட்டி.